சாவின்

தீபாவளிக்கு மூன்று நாள்.
தேக்காவில் வாழையிலைக்கே வரிசை நிற்கிறது.
டர்னிப் இருக்கிறதா என்றாள் ஒரு வெள்ளைக்காரி.
பங்குவாங்கை எடுத்து நீட்டினேன்,
இந்த ஊரில் அதற்குத்தான் அந்தப் பெயர்.
புரட்டிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.
இது இல்லை.

பொப்பியாவுக்கு அதுதான் நல்லது என்று
மீன் கடையிலிருந்தே கத்தினார் சோ மேடம்.

தின்பதற்கு இல்லையாம், குடைவதற்காம்.
கண் வெட்டி, வாய் வெட்டி, உள்ளே ஒரு சுடர்.
அதற்குப் பூசணிதானே,
சூப்பர்மார்க்கெட்டில் குவித்திருக்கிறார்களே என்றேன்.
அது பிற்பாடு வந்தது,
கடல் தாண்டிப் போனவர்கள்
போன இடத்தில் கிடைத்ததைக் குடைந்தார்கள் என்றாள்.
அப்படியானால் இதையும் குடையலாம்,
கிலோ இரண்டு வெள்ளி.
சிரித்துவிட்டாள்.

பெயர் நூலா. அயர்லாந்து. மருத்துவமனையில் இரவுத் தாதி.
மார்ச்சில் தம்பி போய்விட்டான், டிராக்டர் கவிழ்ந்து.
குழிக்குள் பெட்டி இறங்குவதைக்
கைப்பேசியில் பார்த்தாளாம்.
பாதி இறங்கியதும் படம் நின்றுவிட்டதாம்.

அந்த இரவை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?
சொன்னாள். என் காதில் விழுந்தது இப்படி:
சாவின்.

நான் காத்திருந்தேன்.
சாவின் என்றால், சாவின் எது?
சாவின் வாசலா, சாவின் மறுநாளா?
அவ்வளவுதான், பெயர் முடிந்துவிட்டது என்றாள்.
கோடை முடிந்தது என்று அர்த்தமாம்.
மேட்டிலிருந்து மாட்டை இறக்கிக்கொண்டு வருவார்களாம்,
குளிர் தாங்காததை வெட்டி உப்பிடுவார்களாம்,
அன்றோடு வருஷத்தை மூடுவார்களாம்.
மூடும்போது விழும் இடுக்கு வழியே
போனவர்கள் வருவார்கள்.
வேண்டியவர்களுக்கு மேசையில் ஒரு தட்டு,
வேண்டாதவர்களுக்கு ஜன்னலில் பல்லிளிக்கும் விளக்கு.

அதெல்லாம் சரி.
இங்கே கோடை முடிவதில்லையே.
தூங்குமூஞ்சி மரம் எல்லா மாதமும் உதிர்க்கிறது,
ஆலம்கீர் எல்லாக் காலையும் கூட்டுகிறான்.
இங்குள்ளவர்கள் எந்தத் தேதியைப் பார்த்துக் கிளம்புவார்கள்?
சோ மேடத்தின் ஆட்கள்
ஏழாம் மாதத்திலேயே வந்து போயாயிற்று,
புளோக்குக்குக் கீழே தகரத் தொட்டி ஆறிக் கிடக்கிறது.
பாக்கியை வாங்கிக்கொண்டு அவள் போனாள்,
கையில் பங்குவாங்.

முந்தின இரவு பக்கிரிக்குப் படைத்தேன்.
ஆட்டுக்கறி, முறுக்கு, ஒரு பாட்டில் ஸ்டவுட்.
செம்பவாங் கப்பல் பட்டறையில்
முப்பது வருஷம் இரும்பை ஒட்டவைத்த தொண்டை,
வேறெதற்கும் நனையாது.
மூடியைத் திறந்து வைம்மா, பல்லால் கடிக்கவா போகிறார்
என்று மகன் வருஷா வருஷம் சொல்கிறான்.
திறந்தேன். இந்த முறைதான்
ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன்.
காய்ச்சியது மலேசியாவில்,
பூர்வீகம் அவள் ஊர்.
பதினோரு வருஷமாக இதைத்தான் படைத்திருக்கிறேன்,
ஒரு தடவைகூடக் கேட்கவில்லை
எங்கிருந்து வருகிறாய் என்று.

தீபாவளி இரவும் அவள் இரவும்
இந்த வருஷம் ஒரே தேதி.
படம் அனுப்பினாள்.
பங்குவாங் ஈரமாம், மெழுகுவத்தி
இரண்டு தடவை சீறி அணைந்ததாம்.
மூன்றாவதாக அகல் வைத்திருந்தாள், நல்லெண்ணெய் ஊற்றி.
முகம் பயமுறுத்தவில்லை. ஏதோ சொல்ல வந்து
மறந்துபோனவன் முகம்.
பக்கத்தில் வெண்ணெய் உருகிய உருளைக்கிழங்கு, ஒரு முள்கரண்டி.

கதவைத் திறந்து வைக்க வேண்டும்,
பன்னிரண்டாம் மாடி, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.
மரக்கதவைத் திற, இரும்புக் கேட்டைப் பூட்டு,
கம்பி இடைவெளி அவர்களுக்குப் போதும் என்று
பதில் போட்டேன்.

போட்டுவிட்டு நானும் எழுந்து போய்த் திறந்தேன்.
பட்டாசு இல்லாத தீபாவளி,
நடைபாதை நீளத்துக்கும் செருப்புகள்.
மின்தூக்கி எங்கள் மாடியில் நின்றது.
திறந்தது.
யாரும் இறங்கவில்லை. மூடிக்கொண்டது.

பழுதுதான். நகர மன்றத்துக்கு
இரண்டு தடவை சொல்லியாயிற்று.
மூன்றாவது தடவை சொல்லவில்லை.